கதையில பணம் எங்கருந்து வருதுன்னு பாத்துப் படிக்கிறது எப்படி

ஒரு நாவல எடுத்ததும் காதல், சண்டைன்னு போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க, இதுல யாரோட சோறு எங்கருந்து வருது, நிலமா, வட்டியா, கூலியா. இங்கிலாந்து எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1813ல வெளியிட்ட பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் நாவல்ல கதாநாயகன் டார்சி நடன ஹாலுக்குள்ள வந்த அஞ்சே நிமிஷத்துல அவருக்கு வருஷம் 10,000 பவுண்டுன்னு பேச்சு பரவிடுது, குணமெல்லாம் அப்புறம்தான். கதாநாயகியோட பென்னட் குடும்பத்துல எல்லாமே பொண்ணுங்க, ஆனா அவங்க எஸ்டேட் ஆண் வாரிசுக்குத்தான் போகும், அதனால அந்த பொண்ணுங்களோட அம்மா கல்யாணம் கல்யாணம்னு பதறுறத வெறும் காமெடியா படிக்காதீங்க, வீடே கைவிட்டுப் போயிடுமேங்கிற பயம் அது.

அடுத்து வேலைக்காரங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. அவங்களுக்கு பேர் இருக்கா, வசனம் இருக்கா, இல்ல டீ தானா மேசைக்கு வந்துடுதா? அதே நாவல்ல நாலஞ்சு நாள் விடாத மழை, பொண்ணுங்க வெளிய போகல, ஆனா நடனத்துக்கு ஷூவுல வைக்கிற ரிப்பன் பூ மட்டும் ஆள் விட்டு வாங்கியாச்சு. நனைஞ்சது யாருன்னு கதை சொல்லவே இல்ல. இந்த மாதிரி வரி கண்ணுல பட்டா உடனே பென்சில்ல கோடு போட்டு வைங்க.

ஒண்ணு மட்டும், பணக்காரன்னா வில்லன், ஏழைன்னா நல்லவன்னு பிரிச்சிடாதீங்க, யாரால வேணாம்னு சொல்ல முடியுது, யாரால முடியலன்னு பாருங்க.