கூஸ், க்ரீக் ருசிக்கும்போது செய்யக் கூடாதவை

கூஸ், க்ரீக் போன்ற பெல்ஜியத்தின் புளிப்பு பீரை முதன்முதலாகக் குடிக்கும் பலர் முதல் வாயிலேயே "இது கெட்டுப்போச்சு" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். இந்த அவசரம்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதல் மடக்கில் புளிப்பு மட்டும்தான் தெரியும். நாக்கு அதற்குப் பழகிய பிறகே கோதுமை, ஓக் மரம், எலுமிச்சைத் தோல் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். நாலு மடக்கு வரைக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அந்தப் புளிப்பு தற்செயலாக வந்ததும் இல்லை. பிரஸ்ஸல்ஸிலும் அதன் தென்மேற்கே உள்ள பாயோட்டன்லாண்டிலும், பார்லி மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) மால்ட் ஆக்காத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, ஆழமில்லாத அகன்ற தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைத்து ஆறவிடுவார்கள். ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாயிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் நொதிக்க வைக்கின்றன. குளிர்மாதங்களில் மட்டுமே இந்த வேலை நடக்கும்; வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும். இப்படிக் கிடைப்பது லாம்பிக். பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்க விட்டால் கூஸ்.

அடுத்த தவறு மூக்கைச் சேர்ந்தது. நல்ல கூஸில் ஈர வைக்கோல், பதனிட்ட தோல், தொழுவம் மாதிரி ஒரு வாசனை வரும். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை அது. இருக்க வேண்டிய வாசனைதான். அதற்காக எது வந்தாலும் தலையாட்டவும் வேண்டாம். கூஸின் புளிப்பு தயிர்ப் புளிப்பின் பக்கம் நிற்க வேண்டும், இரண்டிலும் இருப்பது லாக்டிக் அமிலம். வினிகர் தொண்டையைக் கீறினாலோ, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல நெடி அடித்தாலோ, எவ்வளவு பேர்பெற்ற பாட்டிலாக இருந்தாலும் அது குறைதான். ஆனால் ரூசெலாரே ஊரின் ரோடன்பாக் போன்ற ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீரில் லேசான வினிகர்ச் சாயல் அந்த வகைக்கே உரியது. எனவே இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுவதும் வேண்டாம். அந்தக் குளிரில் மணம் அடங்கிப்போய் புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். 10 முதல் 13 டிகிரி போதும்.

பழ பீரில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். லாம்பிக்கில் செர்ரிப் பழத்தை ஊறப்போட்டுச் செய்வது க்ரீக். ஆனால் க்ரீக் என்றாலே இனிக்கும் செர்ரி ஜூஸ் என்று நினைக்கிறோம். இனிப்பூட்டியவை நிறைய உண்டு என்பது உண்மைதான். லின்டமன்ஸ் நிறுவனமே இனிப்பான க்ரீக்கும் செய்கிறது, இனிப்பில்லாத ஔடே க்ரீக்கும் செய்கிறது. லேபிளில் 'ஔடே' (டச்சு மொழியில் 'பழைய') இருக்கிறதா என்று பாருங்கள். 1997இலிருந்து அந்தப் பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பாரம்பரிய முறையில் செய்தால்தான் போடலாம். பிரஸ்ஸல்ஸில் 1900இல் தொடங்கிய கான்டியோன் பீர் ஆலையில் ஒரு லிட்டர் லாம்பிக்குக்குச் சுமார் 200 கிராம் பழம் போடுகிறார்கள். செர்ரியை கொட்டையோடு ஊறப்போடும் க்ரீக்கில், பழத்தின் வாசனை அடங்கியதும் பாதாம் மாதிரி ஒரு மணம் மெல்ல எழும். அது கொட்டையிலிருந்து வருவது. இனிப்பைத் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

கூஸ் பல வருடம் தாங்குகிறது என்பதற்காக க்ரீக்கையும் பரணில் ஏற்றி வைக்காதீர்கள். வருடம் ஆக ஆக முதலில் போவது பழ வாசனைதான். எனக்குக் கேட்டால், க்ரீக் வாங்கிய வருடத்திலேயே குடிப்பதற்கு.

பழைய பாட்டிலை ஆட்டித் திறந்தால் அடியில் உள்ள மண்டி மொத்தமும் கலங்கிவிடும். பிரஸ்ஸல்ஸ் பக்கம், படுக்க வைத்திருந்த பாட்டிலை அப்படியே சாய்வான பிரம்புக்கூடையில் வைத்துத் திறந்து, நிமிர்த்தாமல் மெதுவாக ஊற்றுவார்கள். அப்புறம், பீப்பாயிலிருந்து நேரடியாகத் தரும் லாம்பிக்கில் நுரையே இருக்காது. வாயு போய்விட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அது அப்படித்தான்.

கூஸோடு இனிப்புப் பலகாரம் வைத்தால் அதன் புளிப்பு இன்னும் கூர்மையாகும். அந்த ஊர்க்காரர்கள் ரொட்டி மேல் முதிர வைக்காத மென்மையான வெள்ளைச் சீஸைத் தடவி, முள்ளங்கித் துண்டும் வெங்காயத்தாளும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதோடு குடித்துப் பாருங்கள்.