ஹேண்டில்பார் மாற்றினேன், மணிக்கட்டு வலி போனது

என் பைக்கின் ஹேண்டில்பார் தாழ்வாக இருந்ததால் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. அதே 22 மில்லிமீட்டர் தடிமனில், சற்று உயரமாக, என் பக்கம் வளைந்த ஒன்றைப் பூட்டினேன். பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது.

ஆனால் கேபிள்தான் விஷயமே. இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எனக்கு இடப்பக்கம் திருப்பியதும் இன்ஜின் தானாக உறுமியது. ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். யு-டர்ன் போடும்போது இப்படி ஆனால் ரொம்ப ஆபத்து. கேபிளை ஹெட்லைட்டுக்குப் பின்னால் வேறு வழியாக விட்டதும் சரியானது. பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், வயர் எல்லாவற்றையும் இப்படியே பார்த்தேன்.

அப்புறம், ஹேண்டில்பாரில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் சின்ன முளை ஒன்று இருக்கும். அது ஹேண்டில்பாரில் உள்ள துளையில் உட்காரும். துளை இல்லையே என்று முளையைச் சீவிவிட்டால் சுவிட்ச் நிலையாக நிற்காது. அதனால் புதிய ஹேண்டில்பாரில் அளந்து துளை போட்டேன்.