ஃபில்டரைக் கழற்றும் முன் ஒரு துளை

ஆர்வி-6 போன்ற, சொந்தமாகக் கட்டிய விமானங்கள் பலவற்றில் லைகமிங் ஓ-320 என்ஜின்தான் இருக்கும். ஆயில் ஃபில்டர் உள்ள என்ஜினுக்கு 50 மணி நேரப் பறப்பு அல்லது 4 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறது லைகமிங். வெறும் சல்லடை என்றால் 25 மணி நேரம்.

என்ஜினைச் சூடாக்கி, அணைத்து, ஆயிலை வடியவிடுங்கள். மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) ஆஃப் என்றாலும் புரொப்பல்லரைத் தொட்டுத் திருப்பாதீர்கள். அதை அணைக்கும் வயர் அறுந்திருந்தாலே போதும், என்ஜின் உதைத்துவிடும்.

ஃபில்டர் பின்பக்கம் படுக்கை வாட்டில் இருப்பதால், அப்படியே கழற்றினால் ஆயில் கீழே உள்ள எல்லாவற்றின் மேலும் கொட்டும். அதற்குத்தான் இந்தக் குறிப்பு: ஃபில்டரின் மேல்பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போட்டு, கால் மணி நேரம் விடுங்கள். காற்று உள்ளே போக, ஆயில் என்ஜினுக்குள்ளேயே திரும்பி வடிந்துவிடும். அப்புறம் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை அடியில் பிடித்துக்கொண்டு கழற்றினால் மிச்சச் சொட்டும் அதில் விழும்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்கென உள்ள கட்டரால் வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ரம்பம் வேண்டாம், அதன் துகளே உங்களைக் குழப்பும். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. காரணம் தெரியும் வரை பறக்காதீர்கள்.

புதிய ஃபில்டரை முறுக்கி, அது கழன்றுவிடாமல் பிடிக்கும் சேஃப்டி வயர் கட்டி, வடிகாலை மூடிப் புது ஆயில் ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டிக் கசிவு பாருங்கள்.