கியோட்டோ மழையில் மைக்கோவைப் படமெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன் மாதச் சாயங்காலம், விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருக்கிறது. கியோட்டோவின் கியோன் பகுதியில் ஹனமிகோஜி தெருவின் கல்தரை நனைந்து, வாசல் விளக்குகளின் வெளிச்சம் அதில் கரைந்து கிடக்கிறது. காகிதக் குடையோடு ஒரு மைக்கோ, அதாவது கெய்ஷாவாகப் பயிற்சி பெறும் இளம்பெண், வந்துவிட்டால் போதும், படம் தானாக அமைந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் அங்கே போய் நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். அறைக்குத் திரும்பிப் பார்த்தால் நூறு படத்தில் ஒன்று தேறியது.

வருகிறவர் யார், எதற்கு வருகிறார் என்று யோசிக்காததுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். விருந்துகளில் ஆடிப் பாடி உபசரிக்கும் கலைஞரை வெளியுலகம் கெய்ஷா என்று சொல்கிறது, கியோட்டோவில் கெய்கோ என்பார்கள். பயிற்சியில் இருக்கும் இளம்பெண் மைக்கோ. மாலை ஆறு மணியை ஒட்டி அவர் தெருவில் இறங்குவது விருந்து வேலைக்குப் போக. மழையன்று அவர் படும் பாட்டைப் பாருங்கள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தரையில் புரளாமல் தூக்கிப் பிடித்த கிமோனோ விளிம்பு. காலில் சுமார் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒகோபோ என்ற மரக்கட்டை மிதியடி, கீழே வழுக்கும் கல். உடுத்தியிருப்பதோ பட்டு, அதிலும் சிரிமென் வகைப் பட்டு நனைந்தால் சுருங்கிவிடும். கை ஒன்றுகூடக் காலியில்லாதவரை வழிமறித்து "ஒரே ஒரு போட்டோ" என்று கேட்பதும், முன்னால் ஓடிப்போய் பின்பக்கமாக நடந்துகொண்டே கிளிக் செய்வதும், டாக்சிக் கதவருகே முண்டியடிப்பதும் அநாகரிகம் மட்டுமில்லை, அவர் சறுக்கி விழக் காரணமாகிவிடும்.

மழைக்கென்றே இன்னொரு தவறு உண்டு. தூறல் வலுத்ததும் பக்கத்துச் சந்துக்குள் புகுந்து, ஏதோ ஒரு தேநீர் விடுதியின் தாழ்வாரத்தில் ஒதுங்குவது. கியோனில் அந்தச் சந்துகள் பல தனியாருக்குச் சொந்தமானவை. 2019-லேயே அங்கே படமெடுக்கத் தடை வந்தது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகையும் வைத்தார்கள். கூட்டம் கேட்கவில்லை, 2024-இல் சில சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது என்றாகிவிட்டது. ஹனமிகோஜி பொதுச்சாலை, அதில் நிற்கலாம். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பலகையைக் கவனிக்கவில்லை என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

பட்டப்பகலில் மெதுவாக உலாத்திக்கொண்டு, கேட்டவருக்கெல்லாம் சிரித்துப் போஸ் கொடுப்பவர் பெரும்பாலும் மைக்கோ வேடம் போட்டுக்கொண்ட சுற்றுலாப் பயணிதான். கேட்டு எடுங்கள், சந்தோஷப்படுவார். கீழே மட்டும் "மைக்கோ" என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். ஃபிளாஷைத் தொடவே வேண்டாம். லென்ஸுக்கு அருகே விழும் துளிகள் வெளிச்சத்தைத் திருப்பியடித்து, படம் முழுக்க வெள்ளைப் பொட்டாக இறைந்துவிடும். அப்புறம், அந்தக் கட்டை மிதியடியில் நடப்பவரின் கண்ணில் பளீரென்று அடிப்பது என்ன நியாயம்? எக்ஸ்போஷரிலும், அதாவது கேமரா வாங்கிக்கொள்ளும் வெளிச்சத்தின் அளவிலும், ஏமாறுவார்கள். தெரு இருட்டு, முகத்தில் வெள்ளைப் பூச்சு. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, முகம் வெளுத்துக் காகிதமாகிவிடும். அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து வையுங்கள். தெரு இன்னும் இருண்டால் இருளட்டும். சிவப்புக் குடைக்கு மேலே விளக்கு இருந்தால் முகமும் சிவக்கும். அதைக் கணினியில் உட்கார்ந்து சலவை செய்தால் மழைச் சாயங்காலமே காணாமல் போகும்.

மழைக்கோடு தெரிய வேண்டுமென்று ஷட்டர் வேகத்தை 1/60 நொடிக்கு இறக்குகிறவர்கள் உண்டு. மைக்கோ வைக்கும் அடி சிறியது, ஆனால் வேகமானது, படத்தில் ஆளே கலங்கிப்போவார். 1/250-ஐ விட்டு இறங்காமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, கூட்டுவது மேல். அதனால் படத்தில் வரும் புள்ளிக்கு பயந்து நல்ல கணத்தை விடக் கூடாது. மழை தெரிவதற்கு ஷட்டரைவிட முக்கியம், அதற்குப் பின்னால் ஒரு விளக்கு இருப்பது. ஆகவே விளக்கு எதிரே தெரியும்படி தெருவின் இந்தப் பக்கம் ஓர் இடம் பார்த்து நின்றுகொள்ளுங்கள். தூரத்தைக் கிட்டே காட்டும் 85 மில்லிமீட்டர் போல ஒரு லென்ஸ் இருந்தால் கிட்டப் போக வேண்டிய அவசியமும் இல்லை. வைட் லென்ஸ் மாட்டியவர்தான் துரத்த ஆரம்பிக்கிறார்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருங்கள். ட்ரைபாட் வேண்டாம். குடையும் வேண்டாம், மழைக்கோட்டு போதும். குடையும் கேமராவுமாக நின்றால் உங்களுக்கும் கை போதாது.

முகம்தான் வேண்டுமென்றால் பிப்ரவரி 25 அன்று கிடானோ தென்மங்கு கோயிலின் பிளம் பூ விழாவுக்குப் போங்கள். கமிஷிச்சிகென் பகுதியின் கெய்கோக்களும் மைக்கோக்களும் அங்கே திறந்தவெளியில் தேநீர் பரிமாறுவார்கள். நூறில் தேறிய என்னுடைய அந்த ஒரு படத்தில் முகம் இல்லை. அவர் கடந்துபோன பிறகு எடுத்தது: சாய்ந்த குடையின் விளிம்பு, துணியைச் சேர்த்துப் பிடித்த இடது கை, ஈரக் கல்லில் தலைகீழாக நடக்கும் மிதியடி.