வேலையை விட்ட பிறகு போனஸ் கேட்பது எப்படி? கொழும்பில் எந்தக் கதவைத் தட்டுவது?

ஏப்ரலில் புதுவருட போனஸ், டிசம்பரில் வருடக் கடைசி போனஸ். மார்ச்சில் ஆளை நிறுத்திவிட்டு, "போனஸா? நீங்கள்தான் இப்போது இங்கே இல்லையே" என்று கைவிரிக்கும் முதலாளிமார் உண்டு. கேட்டவர் கோபத்தில் நேராக, வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகிறார். பல நேரம் அது தவறான கதவு.

1. போனஸ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

தனியார் துறையில் எல்லோருக்கும் போனஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்ற பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. (தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் யூடியூபில் சொல்லும் போனஸ் சட்டம் இந்தியாவுக்கு உரியது.) ஆகவே உங்கள் உரிமை நியமனக் கடிதத்திலோ, தொழிற்சங்கம் முதலாளியோடு செய்த கூட்டு ஒப்பந்தத்திலோ, வருடா வருடம் தவறாமல் கொடுத்த வழக்கத்திலோ இருக்க வேண்டும்.

கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று இருந்தால் கை பலவீனம். "கொடுப்பனவு நாளில் சேவையில் இருப்பவருக்கு மட்டும்" என்று இருந்தால் இன்னும் சிக்கல். "வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம்" என்று நேராக எழுதியிருந்தால் பிடிக்க நல்ல கொம்பு.

2. நியாய சபையின் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31பி பிரிவு என்னென்ன விடயங்களைக் கேட்க அனுமதிக்கிறதோ, அவற்றைத்தான் சபை விசாரிக்கும். முக்கியமானது, முதலாளி உங்களை வேலையிலிருந்து நிறுத்தியது. நீங்களாகவே விலகியிருந்தால் அந்த வழி இல்லை. வற்புறுத்தி ராஜினாமா எழுதி வாங்கினார்கள் என்றால் அது வேறு கதை, அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

வேலை முடியும்போது சேரவேண்டிய பணிக்கொடை, "ஏனைய நன்மைகள்" பற்றிய கேள்வியையும் சபை விசாரிக்கும். ஆனால் நீங்கள் நிற்பதற்கு முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடமாக இருக்க வேண்டும். புறக்கோட்டையில் எட்டுப் பேர் உள்ள ஒரு மொத்தக் கடைக்கு இது பொருந்தலாம். இருநூறு பேர் உள்ள கம்பனிக்குப் பொருந்தாது. சின்னக் கடை என்றாலும் போன வருடத்து போனஸ் பாக்கி "வேலை முடியும்போது சேரும் நன்மை"தானா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

இன்னொன்று: அதிகாரம் இல்லாத விடயத்தில் இரு தரப்பும் சம்மதித்தாலும் சபைக்கு அதிகாரம் வந்துவிடாது.

3. ஆறு மாதத்தைத் தவற விடாதீர்கள்

வேலையிலிருந்து நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் சபைக்கு விண்ணப்பம் போக வேண்டும். போனஸுக்காகக் கம்பனியோடு கடிதம் எழுதிக்கொண்டே இருந்து, நிறுத்தியதற்கான பெரிய வழக்கைக் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், போனஸை விட அந்த வழக்கில் கிடைக்கக்கூடிய இழப்பீடுதான் பெரிய காசு. உங்கள் வருமானம் எவ்வளவு என்று காட்டப் பழைய போனஸ் விபரமும் அங்கே உதவலாம்.

4. போனஸுக்கு மட்டும் என்றால்

முதலில் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம்: எந்த வருடம், எவ்வளவு, எந்த வாசகத்தின்படி. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையா, நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலை போனவரையும் சட்டம் "வேலையாள்" என்றே கணக்கெடுக்கிறது. திணைக்களம் இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் அமைச்சர் அதை நடுத்தீர்ப்புக்கு (நடுவர் கேட்டு முடிவு சொல்லும் முறைக்கு) அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. கூட்டு ஒப்பந்தம் இருந்தால் தொழிற்சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சின் தொனியே மாறும்.

ஒப்பந்தப் பணம் என்று மாவட்ட நீதிமன்றத்திலும் கேட்கலாம். எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 ஆண்டு அவகாசம், வாய்ப்பேச்சு என்றால் அதைவிடக் குறைவு.

5. இரண்டு கதவையும் ஒன்றாகத் தட்டாதீர்கள்

ஒரே விடயத்துக்கு முதலில் வேறு சட்ட வழிக்குப் போனவர் பிறகு சபையில் நிவாரணம் கேட்க முடியாது. சபையில் விசாரித்து முடிந்த விடயத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. அதனால் எதையும் தாக்கல் செய்யும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். கையில் காசு இல்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது நியமனக் கடிதம், நிறுத்திய கடிதம், சம்பளச் சிட்டைகள், போனஸ் வரவு வைத்த வங்கிக் கூற்று, எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள்.