பதின்பருவப் பிள்ளைகளோடு கப்பல் பயணம்: எந்த அறை, எத்தனை அறை?

சொகுசுக் கப்பலில் அறை பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பால்கனி உண்டா, ஜன்னல் உண்டா என்பதுதான். உடன் வரும் பிள்ளைகள் பதின்பருவத்தினர் என்றால், எத்தனை குளியலறைகள் கிடைக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். இரவு உணவுக்குப் புறப்படும் நேரத்தில் நான்கு பேர் ஒரே குளியலறைக் கதவின் முன் நிற்கும்போது, கடல் தெரிகிறதா இல்லையா என்பது யாருக்கும் நினைவிருக்காது.

நால்வருக்கான அறை என்று விற்கப்படுவது, பெரும்பாலும் இருவருக்கான அறையில் கூடுதலாக இரண்டு படுக்கைகளைச் சேர்த்த ஏற்பாடுதான். ஜன்னல் இல்லாத உள்ளறைகள் பல கப்பல்களில் 14 முதல் 17 சதுர மீட்டர் அளவிலேயே இருக்கின்றன. மூன்றாவது, நான்காவது படுக்கைகள் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்கப்படும் மேல்படுக்கைகளாகவோ, இரவில் விரிக்கும் சோபாவாகவோ இருக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஏணி ஏறிப் படுப்பது விளையாட்டு. ஆறடியை எட்டும் பதினாறு வயதுப் பையனுக்கு அதுவே கால் நீட்ட முடியாத அவதி. சில பால்கனி அறைகளில் சோபாவை விரித்துவிட்டால் பால்கனிக் கதவுக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும். விடியலில் கடலைப் பார்த்தபடி காபி குடிக்கலாம் என்று கூடுதல் பணம் கொடுத்த பெற்றோர், மகன் பத்து மணிக்கு எழும்வரை திரையைக்கூட விலக்காமல் இருட்டில் உட்கார்ந்திருக்க நேரும்.

ஆகவே, பெரிய அறை ஒன்றைவிடச் சிறிய அறைகள் இரண்டே மேல் என்பது என் முடிவு. இதற்கு இருமடங்கு செலவாகும் என்று எண்ணிவிட வேண்டாம். கப்பல் கட்டணம் பொதுவாக ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுகிறது. அதே அறையில் தங்கும் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் பெரும்பாலும் கட்டணம் குறையும். துறைமுக வரியும் பணியாளர்களுக்கான அன்றாட அன்பளிப்பும் தலைக்கு இவ்வளவு என்பதால், அறைகளைப் பிரித்தாலும் அவை பெரிதாக மாறுவதில்லை. இரண்டு உள்ளறைகளின் மொத்தத் தொகை, ஒரே பால்கனி அறையில் நால்வர் தங்கும் தொகையைவிடக் குறைவாக வரும் பயணங்களும் உண்டு. இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. தனியாக ஓர் அறையில் தங்குபவரிடம் பெரும்பாலும் இருவருக்கான கட்டணமே வாங்கப்படும். அத்தகைய குடும்பம், டிஸ்னி கப்பல்களில் பல அறைகளில் இருப்பதுபோல் கழிப்பறையும் குளியலிடமும் தனித்தனியாகப் பிரிந்த அறையைத் தேடலாம்.

இரண்டு அறைகள் என்று முடிவானதும் வயது விதியைக் கவனிக்க வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து புறப்படும் பல கப்பல்களில் ஒவ்வோர் அறையிலும் 21 வயது நிரம்பிய ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. பெற்றோரின் அறைக்கு அருகிலேயே பிள்ளைகளின் அறை இருந்தால் சில நிறுவனங்கள் விலக்கு அளிக்கின்றன. எதிரெதிர் அறைகளையும் அவர்கள் ‘அருகில்’ என்று ஏற்கிறார்களா என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விலக்கு இல்லாத இடத்தில், அறைக்கு ஒரு பெற்றோர் என்று பெயர்களைப் பதிந்துவிட்டு, ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் மற்ற அறைக்கும் சாவி அட்டை கேட்டு வாங்குவது குடும்பங்களிடையே நெடுநாள் வழக்கம்.

அடுத்தடுத்த அறைகள் வேறு, உள்ளே இணைப்புக் கதவு உள்ள அறைகள் வேறு. கப்பலின் தள வரைபடத்தில் இணைப்புக் கதவு தனிக் குறியால் காட்டப்பட்டிருக்கும். அந்தக் கதவு வழியே பேச்சொலி எளிதில் கசியும் என்பதையும் மறக்கக் கூடாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு, நடைவழியின் ஒரு பக்கம் பெற்றோருக்குப் பால்கனி அறையும், நேர் எதிரே பிள்ளைகளுக்கு உள்ளறையும்தான். விளக்கை அணைத்தால் நண்பகலிலும் நள்ளிரவாகிவிடும் உள்ளறையைவிட, நெடுநேரம் தூங்கும் வயதினருக்கு ஏற்ற இடம் கப்பலில் வேறில்லை. எந்த அறை என்று எண் குறிப்பிடாமல், நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவுச் சலுகையை மட்டும் எடுக்காதீர்கள். இரண்டு அறைகளும் கப்பலின் இரு கோடிகளில் அமைந்துவிடக்கூடும்.

அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தளத்தை மட்டுமன்றி, அதற்கு மேலும் கீழும் உள்ள தளங்களின் வரைபடங்களையும் பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். கீழே நடன அரங்கு இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தாளம் அதிரும். முன்முனை அறைகளில் நங்கூரச் சங்கிலியின் சத்தம் எழுப்பிவிடும். மேலும் கீழும் அறைகளே உள்ள தளம்தான் அமைதியானது. கப்பல் ஆடும்போது குமட்டல் வருபவர்களுக்கு அதிலும் கப்பலின் நடுப்பகுதியும் தாழ்வான தளமும் நல்லது, ஆட்டம் அங்கேதான் குறைவு.

நான்கு படுக்கைகள் உள்ள அறையே வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவுக்கேற்பவே ஆட்களை ஏற்றுவதால், அறையில் படுக்கை காலியாக இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்ற பதில் வரலாம்.

கடைசியாக ஒன்று: பழைய கப்பல்களின் அறைகளில் மின் இணைப்புத் துளைகள் ஒன்றிரண்டுதான் இருக்கும். மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பட்டைகளைப் பல கப்பல்களில் ஏறும்போதே பறிமுதல் செய்துவிடுவார்கள். பல யுஎஸ்பி துளைகள் கொண்ட சார்ஜர் ஒன்றை அறைக்கு ஒன்று வீதம் எடுத்துச் செல்லுங்கள்.