தெள்ளுப்பூச்சி ஒழிய மூன்று மாதம்

பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். நாய் மணியையும் பூனை சுந்தரியையும் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்து, பையைக் கூடத்தில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். பத்தடி நடப்பதற்குள் கணுக்காலில் சுருக் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் வெள்ளைக் காலுறையில் எள்ளை அள்ளித் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஒன்றை விரலால் அமுக்கப் போனேன், ஆளைக் காணோம். துள்ளிவிட்டது.

நாயே இல்லாத வீட்டில், பத்து நாளாகக் கடிக்க யாருமே இல்லாத இடத்தில், இத்தனை எப்படி வந்தன? அதுவும் போன மாதம்தான் மணியை வாரம் தவறாமல் குளிப்பாட்டி, "இனி ஒன்றுகூட இல்லை" என்று வீட்டில் பெருமையடித்திருந்தேன். மருத்துவரிடம் சொன்னபோது சிரித்தார். "நாயைக் குளிப்பாட்டினீர்கள், சரி. வீட்டை யார் குளிப்பாட்டினார்கள்?"

அவர் விளக்கியது இதுதான். நாயின் ரோமத்துக்குள் ஓடுகிற தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சின்னப் பங்கு. நூற்றுக்கு ஐந்து என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கிறது. இரத்தம் குடித்து ஓரிரு நாளில் பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கும், நன்றாக இருக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு 40, 50 கூட இடும். அந்த முட்டை ஒட்டாது. நாய் உடம்பை உதறும்போதும் படுக்கும்போதும் உப்பு மாதிரி கீழே கொட்டிவிடும். அதிலிருந்து வரும் வெள்ளைப் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கம்பள இழைக்குள்ளும் சோபா மடிப்பிலும் கட்டிலுக்கு அடியிலும் இறங்கிவிடும். அப்புறம் பசையுள்ள கூடு கட்டி, மேலெல்லாம் தூசியை ஒட்டிக்கொண்டு உள்ளே படுத்துக்கொள்ளும்.

கூட்டுக்குள் இருப்பதுதான் பெரிய தலைவலி. மருந்து அதற்குள் சரியாக இறங்காது. வெளியே ஆள் நடமாட்டம் இல்லையென்றால் மாதக்கணக்கில் பொறுமையாக இருக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று பட்டால் நொடியில் உடைத்துக்கொண்டு வெளியே வந்து துள்ளும். நான் கதவைத் திறந்து நடந்தபோது நடந்தது இதுதான்.

முதலில் தெள்ளுதானா என்று பாருங்கள்

உண்ணியையும் தெள்ளையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் அதிகம். உண்ணி எட்டுக் காலோடு ஒரே இடத்தில் தோலைக் கவ்விக் குண்டாகிக்கொண்டிருக்கும், துள்ளாது. தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பாக, ரோமத்துக்குள் வழுக்கி ஓடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கண்ணில் பூச்சி படாவிட்டால் நெருக்கமான பல்லுள்ள பேன் சீப்பை எடுத்து, வால் தொடங்குகிற இடத்திலும் கழுத்துப் பட்டைக்குக் கீழும் தோலை ஒட்டி வாருங்கள். சீப்பில் வருகிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். ஒரு நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். சுந்தரியின் மேல் ஒரு பூச்சிகூட நான் பார்த்ததில்லை. பூனைகள் நக்கி நக்கியே விழுங்கிவிடும். அவளைக் காட்டிக்கொடுத்தது இந்தத் தாள்தான்.

எல்லாப் பிராணிக்கும் ஒரே நாளில் மருந்து

ஒன்றுக்குப் போட்டு இன்னொன்றை விட்டால் வேலைக்கு ஆகாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் சேர்த்துத்தான். கழுத்தில் விடும் சொட்டு மருந்து உண்டு, வாய்வழி மாத்திரை உண்டு. எது என்பதை எடை, வயது, வலிப்பு வந்த வரலாறு எல்லாம் கேட்டு மருத்துவர் சொல்லட்டும். சில மாத்திரைகள் வலிப்பு உள்ள நாய்க்கு ஆகாது. முயல் வளர்ப்பவர்கள் நாய்க்கு வாங்கிய மருந்தை அதற்கும் தொட்டு வைக்க வேண்டாம். நாய் மருந்து பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி முயலுக்கு விஷம்.

பூனை வைத்திருப்பவர்கள் அடுத்ததை இரண்டு முறை படியுங்கள். நாய்க்கான சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் ஈரலால் அதை உடைக்க முடியாது. "பாதி அளவு போட்டால் போதாதா" என்றால், போதாது என்பதில்லை, உயிரே போகலாம். நடுக்கம், வலிப்பு தெரிந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாய்க்குப் போட்டிருந்தாலும் அது காயும்வரை பூனையை ஒட்டிப் படுக்க விடாதீர்கள். டீ ட்ரீ எண்ணெய், பூண்டு, மண்ணெண்ணெய் என்று யார் யாரோ சொல்வார்கள். மூன்றுமே நக்கினால் நஞ்சு.

சொட்டு மருந்தை ரோமத்தின் மேல் விட்டால் வீண். ரோமத்தை இரு பக்கமும் பிரித்து, தோல் வெள்ளையாகத் தெரிந்த பிறகு, தோள்பட்டைகளுக்கு நடுவில், நாக்கு எட்டாத இடத்தில் விடுங்கள். உடனே குளிப்பாட்ட வேண்டாம். எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று உறையிலேயே இருக்கும்.

குட்டிகள் கதை வேறு. சில வாரக் குட்டிக்குப் பெரும்பாலான மருந்து கொடுக்க முடியாது. ஆனால் தெள்ளு அதிகமானால் இரத்தம் வற்றிச் செத்தே போகும். ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்க வேண்டாம். சீப்புதான் அவற்றுக்கு மருந்து: வாரி, சிக்கியதைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கிவிடுங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிவிடும். சோப்பு இருந்தால் மூழ்கும். நகத்தில் நசுக்கப் பார்த்து நான் தோற்றிருக்கிறேன். அவ்வளவு வழுக்கல், அவ்வளவு கெட்டி.

இனி தரை

வேக்குவம் கிளீனர் இருந்தால் முதல் இரண்டு வாரம் தினமும் போடுங்கள். நடுக்கூடத்தில் போட்டுப் பயனில்லை. பிராணி எங்கே படுக்கிறதோ அங்கே, சோபா மெத்தையைத் தூக்கி அதன் அடியில், சுவரும் தரையும் சேருகிற ஓரத்தில், கட்டிலுக்குக் கீழே. எங்கள் வீட்டில் மணி படுப்பது சோபாவின் இடது மூலையில் மட்டும். அந்த மெத்தையை எடுத்தபோது தையல் ஓரத்தில் மிளகுத்தூளும் உப்பும் கலந்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. வெள்ளையாக இருந்தது முட்டை. கறுப்பாக இருந்தது தெள்ளின் எச்சம், முட்டையிலிருந்து வரப்போகிற புழுவுக்குத் தாய் போட்டு வைத்த சாப்பாடு. ஒரு மாதமாக அதன் மேல் உட்கார்ந்துதான் செய்தி பார்த்திருக்கிறேன்.

இயந்திரம் ஓடும் அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவை வெளியே வரும். வரட்டும், அதுதான் வேண்டும். வெளியே வந்தால்தான் மருந்து போட்ட நாயின் மேல் ஏறிச் சாகும். முடிந்ததும் குப்பையைப் பையில் இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இயந்திரம் இல்லையென்றால் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஓரம் ஓரமாகத் துடைப்பது அடுத்த வழி.

விரிப்பு, போர்வை, உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள். உதறாமல் நான்கு மூலையையும் உள்ளே மடித்துச் சுருட்டித் தூக்குங்கள். நான் முதல் தடவை படுக்கையறையிலிருந்து உதறிக்கொண்டே போய், வழியெல்லாம் முட்டை விதைத்தேன்.

தெளிப்பு மருந்து வாங்கினால் உறையில் மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். முட்டையும் புழுவும் பூச்சியாக வளராமல் தடுப்பவை இவை. வளர்ந்த பூச்சியை மட்டும் கொல்லும் மருந்து கண்ணுக்குத் திருப்தி, அவ்வளவுதான். காயும்வரை குழந்தைகளும் பிராணிகளும் உள்ளே வரக் கூடாது. மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிடுங்கள். அறை நடுவில் வைத்து வெடிக்கவிடும் புகை டப்பாவை நான் சொல்ல மாட்டேன். புகை சோபாவுக்கு அடியில் போவதில்லை, தெள்ளு அங்கேதான் இருக்கிறது.

எண்ணிக்கொண்டே இருங்கள்

ராத்திரி தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து மேலே சின்ன விளக்கைத் தாழ்வாக எரியவிட்டால் சில தெள்ளு வந்து விழும். இதனால் வீடு சுத்தமாகாது, ஆனால் நிலவரம் தெரியும். முதல் ராத்திரி 23. இரண்டாம் வாரம் 9. மூன்றாம் வாரம் திடீரென்று 31. இங்கேதான் பலர் "மருந்து போலி" என்று சொல்லிக் கைவிடுகிறார்கள். மருந்து போலி இல்லை. முன்பே கட்டிய கூடுகள் உடைகின்றன. புதிதாக முட்டை விழாதவரை இருப்பு குறைந்துகொண்டேதான் வரும். மருந்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். ஆறாம் வாரம் எங்கள் தட்டில் 2, ஒன்பதாம் வாரத்திலிருந்து ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் மூன்று மாதம் முடியும்வரை நான் நிறுத்தவில்லை.

இன்னொன்று. தெள்ளை நக்கி விழுங்கும் பிராணிக்கு அதன் வழியாகவே நாடாப்புழு வரும். வாலுக்கு அடியிலோ படுக்கையிலோ அரிசி மாதிரி காய்ந்த வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அதுதான். சுந்தரிக்கு இருந்தது. தெள்ளு மருந்து இதற்குக் கேட்காது, புழு மாத்திரை தனியாக வாங்க வேண்டும். ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.